அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு: தமிழ்நாட்டுக் கார் உரிமையாளர்களின் அன்றாடக் கவலைகள் (1950–1990)

விடுதலைக்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் தமிழ்நாட்டில் சொந்தமாகக் கார் வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. மருத்துவர், வழக்கறிஞர், மில் உரிமையாளர், நிலக்கிழார், மூத்த அரசு அலுவலர், ஓரளவு வசதி படைத்த வணிகர் என்று அந்த வட்டம் சுருங்கியது. இவர்களில் இருவர் ஒரு திருமண வீட்டிலோ கிளப்பிலோ சந்தித்தால் பேச்சு சீக்கிரமே வண்டியைப் பற்றியதாகிவிடும். எப்போது பதிவு செய்தீர்கள், கேலனுக்கு எத்தனை மைல் கொடுக்கிறது, காலையில் ஸ்டார்ட் ஆகிறதா, எந்த மெக்கானிக்கிடம் விடுகிறீர்கள் என்ற கேள்விகள் ஏறத்தாழ ஒரே வரிசையில் வரும். இந்தப் பேச்சுகளைப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அரசின் தொழிற்கொள்கை, உலக எண்ணெய்ச் சந்தை, பட்டறைத் தொழிலாளரின் வாழ்க்கை ஆகியவை ஒரு குடும்பத்தின் கார் நிறுத்துமிடத்தில் வந்து சேர்ந்ததன் பதிவுகள் அவை. ஆனால் அவற்றை யாரும் எழுதிவைக்கவில்லை. வண்டியின் அமைப்பு, சட்டங்கள், தொழிற்சாலைகளின் வரலாறு ஆகியவற்றிலிருந்தும் பேச்சு வழக்கில் எஞ்சிய சொற்களிலிருந்தும்தான் அவற்றை மீட்க வேண்டியிருக்கிறது.

தட்டுப்பாட்டின் தோற்றம்

சென்னைக்குக் கார் புதிதல்ல. மவுண்ட் ரோட்டில் இயங்கிய சிம்ப்சன் நிறுவனம் குதிரை வண்டிகள் கட்டிவந்த நிறுவனம். அதன் சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டினார். அதன்பின் அரை நூற்றாண்டு காலம் சென்னைச் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த வண்டிகள். ஆஸ்டின், மாரிஸ், ஹில்மன், செவர்லே, ஃபோர்டு, பிளைமவுத் என்று வகைகள் ஏராளம். வாங்குபவர் முன் தேர்வு விரிந்து கிடந்தது.

சென்னை மாகாணத்தில் 1931இல் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தது. அதற்கு முன் உள்ளாட்சி வாரியங்கள் சாலைகளில் கேட் போட்டுச் சுங்கம் வசூலித்தன. நீண்ட பயணத்தில் எத்தனை கேட், எவ்வளவு சில்லறை என்பதே அன்றைய கார்க்காரர்களின் முதல் முறையீடு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பேருந்துகளின் பின்புறம் அடுப்பைக் கட்டி, மரக்கரியை எரித்து, அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். கார் வைத்திருந்தவர்களில் பலர் வண்டியைக் கட்டைமேல் தூக்கி நிறுத்திவிட்டு ஜட்காவுக்குத் திரும்பினார்கள்.

விடுதலைக்குப் பின் நிலைமை வேறு திசையில் மாறியது. உதிரிகளை இறக்குமதி செய்து இங்கே பூட்டி விற்பது போதாது, படிப்படியாக உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று அரசு கருதியது. 1953இல் தீர்வை ஆணையத்தின் பரிந்துரை ஏற்கப்பட்டதும், உற்பத்தித் திட்டம் இல்லாத நிறுவனங்கள் வெளியேற நேர்ந்தது. பம்பாயில் 1928 முதல் கார் பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸும், ஃபோர்டும் கடையைக் கட்டின. எண்ணூரில் 1948இல் தொடங்கி ஆஸ்டின் கார்களைப் பூட்டிவந்த அசோக் மோட்டார்ஸ் லாரி, பேருந்துப் பக்கம் திரும்பி 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. கார் வாங்க விரும்பியவருக்கு இறுதியில் எஞ்சியவை மூன்று நிறுவனங்கள்: கல்கத்தா அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார்.

இந்தக் கொள்கையை வெறும் பிழை என்று சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. உள்நாட்டில் பாகம் செய்தாக வேண்டும் என்ற நெருக்கடியே சென்னையைச் சுற்றி ஒரு தொழிலை வளர்த்தது. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் 1961இல் லூகாஸ் டிவிஎஸ், அதையொட்டி வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கி 1961இல் டயர் உற்பத்திக்கு வந்த எம்.ஆர்.எஃப். எல்லாம் இந்தக் காலத்தின் விளைச்சல். ஆனால் கார் வாங்கியவர் அதன் விலையைக் காத்திருப்பாகக் கொடுத்தார்.

பதிவும் காத்திருப்பும்

1980 வாக்கிலும் நாடு முழுவதும் ஓராண்டில் உற்பத்தியான கார்கள் ஏறத்தாழ முப்பதாயிரம்தான். எத்தனை வண்டி செய்யலாம் என்பதை உரிமம் முடிவு செய்தது. யாருக்கு விற்கலாம், எப்படி விற்கலாம் என்பதை 1959இல் வந்த மோட்டார் கார் வினியோக, விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை முடிவு செய்தது. விலையையும் அரசு விட்டுவைக்கவில்லை. உற்பத்தியாளர்கள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள்.

கார் வேண்டுபவர் முகவரிடம் பெயரைப் பதிவு செய்து, அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் வைப்புத்தொகை கட்டி, அந்தப் பாஸ்புத்தகத்தை ஈடாகக் கொடுக்க வேண்டும். பிறகு வரிசை. ஃபியட்டுக்குக் காத்திருப்பு ஆண்டுக் கணக்கில் நீண்டது. அம்பாசிடருக்குச் சற்றுக் குறைவு, ஹெரால்டுக்கு இன்னும் குறைவு. மகள் பிறந்தபோது பதிவு செய்தால் அவள் பள்ளிக்குப் போகும்போது வண்டி வரும் என்ற கேலி எல்லா ஊரிலும் இருந்தது. அரசு ஒதுக்கீடு தனி. அமைச்சர், அலுவலர், மருத்துவர் ஆகியோருக்கான முன்னுரிமைப் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சிபாரிசுக் கடிதம் தேடுவது ஒரு தனித் தொழிலாகவே நடந்தது.

வாங்கிய வண்டியை உடனே விற்கவும் தடை இருந்தது. தடை இருந்த இடத்தில் வழியும் இருந்தது. முகவரிடமிருந்து வெளிவந்த புதுக் காரைவிட, ஒருவர் ஓட்டிய பழைய காருக்கு விலை அதிகம் என்ற தலைகீழ்க் கணக்கு அந்தக் காலத்துக்கே உரியது. வரிசையில் நிற்க முடியாதவர் மேல்பணம் கொடுத்துக் கைமாற்று வண்டி வாங்கினார். அதைக் கணக்கில் காட்ட முடியாது. ஆகவே கார் பற்றிய பேச்சில் ஒரு பகுதி எப்போதும் தாழ்ந்த குரலில் நடந்தது. இன்ன விலைக்கு வாங்கினேன் என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் மனத்துக்குள் வேறொரு தொகையைக் கூட்டிக்கொள்வார்.

இன்னும் வசதியானவர்களுக்கு வேறு வழி. வெளிநாட்டுத் தூதரக அலுவலர்கள் விட்டுச் சென்ற கார்களை மாநில வணிகக் கழகம் ஏலத்தில் விற்றது. சினிமாக்காரர்களும் பெருவணிகர்களும் அங்கே போட்டியிட்டார்கள். நீண்ட இம்பாலா ஒன்று ஊருக்குள் வந்தால் தெருவே கூடிநின்று பார்த்ததற்கு அழகு மட்டும் காரணமன்று. அது எப்படிக் கிடைத்தது என்ற வியப்பும் சேர்ந்துகொண்டது.

மூன்று வண்டிகள், மூன்று கட்சிகள்

தேர்வு சுருங்கியதால் விவாதம் குறைந்துவிடவில்லை. மாறாக, கட்சி கட்டும் அளவுக்குக் கூடியது.

அம்பாசிடர் 1950களின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அப்படியே கொண்டு உருவானது. எஞ்சின் 1489 சி.சி. மார்க் 2, 1975இல் மார்க் 3, 1979இல் மார்க் 4 என்று எண்கள் ஏறினவே தவிர வடிவம் மாறவில்லை. முகப்புக் கிரில்லை வைத்துத்தான் ஆண்டைச் சொல்ல வேண்டும். பின்னிருக்கையின் அகலமும், மோசமான சாலையைத் தாங்கும் உடம்பும் அதன் பலம். பாட்டி, தாத்தா, நான்கு குழந்தைகள், ஒரு தூக்கு நிறையப் புளியோதரை என்று திருப்பதி போகும் குடும்பத்துக்கு வேறு வண்டி கிடையாது. குறையும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஹாரனைத் தவிர மற்ற எல்லாம் சத்தம் போடும் என்பது அதைப் பற்றிய நகைச்சுவைகளில் மிகப் பழையது. புது வண்டி வந்ததும் முதலில் போவது கோயிலுக்கு, அடுத்து மெக்கானிக்கிடம். தொழிற்சாலை முறுக்காமல் விட்டதை எல்லாம் அவர் முறுக்கித் தருவார்.

ஃபியட் 1100 பம்பாயிலிருந்து 1954 முதல் வந்தது. 1089 சி.சி. எஞ்சின், ஸ்டியரிங் தண்டில் கியர், லேசான கிளச். 1974இல் அதன் பெயர் பிரீமியர் பத்மினி என்று ஆனபோதும் தமிழ்நாட்டில் யாரும் ஃபியட் என்பதை விடவில்லை. டிரைவர் வைத்துக்கொள்ளாமல் தாமே ஓட்ட விரும்பியவர்கள் இதை நாடினார்கள். அம்பாசிடர்காரர்கள் இதைத் தீப்பெட்டி என்று இகழ, ஃபியட்காரர்கள் பதிலுக்கு அம்பாசிடரை மாட்டுவண்டி என்றார்கள்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு சென்னையின் சொந்த வண்டி. வண்டலூரை ஒட்டிய தொழிற்சாலையில் 1961 முதல் செய்யப்பட்டது. எஞ்சின் 948 சி.சி. மட்டுமே. மட்கார்டுடன் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்தபடியே எஞ்சினில் கைவைக்கலாம். மிகச் சிறிய வட்டத்தில் திரும்பும் என்பதால் மயிலாப்பூர், திருவல்லிக்கேணிச் சந்துகளுக்குப் பொருத்தமானது. தனிச் சட்டத்தின்மேல் தகடுகளைப் போல்ட்டால் இணைத்த உடம்பு என்பதால் சில ஆண்டுகளில் தடதடக்கத் தொடங்கும், மழையில் ஒழுகும். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. 1972இல் அதன் வழித்தோன்றலாகக் கெஸல் வந்தது, 1970களின் இறுதிக்குள் அதுவும் நின்றது. 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காருடன் நிறுவனம் ஒரு முறை எழ முயன்றது. பெட்ரோலைக் குடித்த அந்த வண்டி சில ஆண்டுகளில் மறைந்தது. ஹெரால்டு வைத்திருந்தவர்களின் பேச்சில் சற்று ஏக்கம் கலந்திருப்பதற்கு இதுதான் காரணம். அவர்கள் வண்டியை மட்டும் இழக்கவில்லை, உதிரி கிடைக்கும் வழியையும் சேர்த்து இழந்தார்கள்.

காலையும் கோடையும்

அன்றாடக் கவலைகளில் முதலிடம் காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு. சோக் குமிழை எவ்வளவு இழுப்பது என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதிகம் இழுத்தால் பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்துவிடும். பிறகு பிளக்கைக் கழற்றித் துடைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி பூட்ட வேண்டும். செல்ஃப் எடுக்காவிட்டால் முன்புறம் ஹேண்டில் போட்டுச் சுற்றலாம். எஞ்சின் பின்னடித்தால் மணிக்கட்டு உடையும் என்பதால் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்கும் முறையை மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கற்பித்தார்கள். இரவில் வண்டியைச் சரிவான இடத்தில் நிறுத்துவது, காலையில் தெருப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வது ஆகியவை எல்லாம் பழக்கத்தின் பகுதி. மழைக்காலத்தில் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் ஈரம் புகுந்தால் எந்தத் தந்திரமும் பலிக்காது.

கோடையில் சிக்கல் வேறு. குளிர்விப்பு நீர் கொதிப்பது ஒன்று. பெரும்பாலோர் வெறும் தண்ணீரையே ஊற்றினார்கள். சென்னையின் உப்புக் கிணற்று நீர் ரேடியேட்டரின் குழல்களில் படிந்து அடைத்துவிடும். ஆகவே நல்ல தண்ணீர் எந்த வீட்டுக் கிணற்றில் கிடைக்கும் என்பது கார்க்காரருக்கும் தெரிந்திருந்தது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு மலைப் பாதைகளில் தண்ணீர் டின் இல்லாமல் யாரும் ஏறவில்லை. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை அவசரப்பட்டுத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டவர்களின் கதைகள் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு.

மற்றொன்று பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வது. வேப்பர் லாக் என்ற ஆங்கிலப் பெயராலேயே எல்லோரும் சொன்னார்கள். எஞ்சினோடு ஒட்டிய இயந்திரப் பம்பு அதன் சூட்டிலேயே கொதிக்கும். குழாயில் பெட்ரோல் திரவமாக இல்லாமல் ஆவியாக நிற்கும்போது பம்பு அதை இழுக்க முடியாது. சித்திரை வெயிலில், ரயில்வே கேட்டில் கால்மணி நேரம் நின்ற வண்டி கேட் திறந்ததும் நகர மறுப்பது இதனால்தான். மருந்து ஒன்றே: ஈரத் துணியைப் பம்பின்மேல் சுற்றிவிட்டுப் பொறுத்திருப்பது. டிக்கியில் ஒரு பழைய வேட்டித் துண்டு எப்போதும் கிடந்ததன் காரணம் இது.

டிக்கி என்ற சொல்லையே சற்றுப் பார்க்கலாம். பழைய இரண்டிருக்கைக் கார்களின் பின்புறம் மூடியைத் திறந்தால் விரியும் கூடுதல் இருக்கைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர் இருந்தது. இருக்கை மறைந்து சாமான் பெட்டி ஆனது, பெயர் மட்டும் இங்கே தங்கிவிட்டது. இதைவிட நீண்ட பயணம் செய்த சொல் ஸ்டெப்னி. வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904 வாக்கில் ஆரக்கால் இல்லாத மாற்றுச் சக்கரம் ஒன்றை உருவாக்கி விற்றார்கள். பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே அதைக் கவ்வவைத்து ஓட்டலாம். இங்கிலாந்து மறந்துவிட்ட அந்தத் தெருப் பெயரைத் தமிழ்நாட்டுப் பஞ்சர் கடைகள் நூறாண்டுகளாக உச்சரித்துவருகின்றன.

ஸ்டெப்னியின் தேவையும் பெரிது. சாலையில் மாட்டு வண்டிகள் மிகுதி. மாடுகளின் லாடத்திலிருந்து கழன்ற ஆணிகள் டயருக்கு எமன். டி.வி.எஸ். நிறுவனம் காந்தம் கட்டிய வண்டியை ஓட்டி மதுரைச் சாலைகளில் ஆணி பொறுக்கியது என்ற செய்தி அந்தப் பகுதியில் இன்றும் சொல்லப்படுகிறது. புது டயர் விலையும் தட்டுப்பாடும் காரணமாகத் தேய்ந்த டயருக்கு மேல்ரப்பர் ஒட்டி மறுபடி ஓட்டுவது நடுத்தர உரிமையாளரின் வழக்கம். எத்தனை முறை ஒட்டலாம், எந்தப் பட்டறையில் ஒட்டினால் பிய்த்துக்கொண்டு வராது என்பது தீராத விவாதப் பொருள்.

பெட்ரோல் கணக்கும் டிரைவரும்

1960களின் தொடக்கத்தில் மெட்ரிக் முறை வந்து கேலன் லிட்டராகவும் மைல் கிலோமீட்டராகவும் மாறின. பழைய வண்டிகளின் மீட்டரோ மைலிலேயே ஓடியது. கேலனுக்கு முப்பது மைல் என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ பத்தரை கிலோமீட்டர். இந்தக் கணக்கை மனத்துக்குள் போடத் தெரியாதவர் அப்போது கார்க்காரரே அல்லர். மைல் போய்விட்டாலும் மைலேஜ் என்ற சொல் போகவில்லை.

1973 அக்டோபரில் மேற்காசியப் போரும் அதையொட்டி எண்ணெய் நாடுகள் விலையை உயர்த்தியதும் எல்லாக் கணக்கையும் புரட்டிப்போட்டன. நவம்பரில் பெட்ரோல் விலை உயர்வைக் கண்டித்து வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்குச் சென்றார். தமிழ்நாட்டில் பலர் காரை வாரம் ஒரு முறை எடுப்பதோடு நிறுத்தினார்கள். பெரிய அமெரிக்க வண்டிகளின் மதிப்பு சரிந்தது. அவற்றில் சிலவற்றுக்குள் டீசல் எஞ்சின் ஏறி, வாடகை வண்டிகளாக மறுபிறவி எடுத்தன. செம்பியத்தில் சிம்ப்சன் 1950கள் முதல் செய்துவந்த பர்கின்ஸ் டீசல் எஞ்சின் மெக்கானிக்குகளுக்கு நன்கு பழகியது என்பதால் இத்தகைய மாற்று அறுவை எளிதாயிற்று. சில ஆண்டுகள் கழித்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே டீசல் அம்பாசிடரை வெளியிட்டது. மெதுவாக இழுத்தது, குலுக்கியது, புகைத்தது. ஆனாலும் விற்றது.

பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலப்பது இக்காலத்தின் இன்னொரு அச்சம். இரண்டுக்கும் இடையே விலை வித்தியாசம் பெருகப் பெருகக் கலப்படமும் பெருகியது. மேடு ஏறும்போது எஞ்சின் கிண்கிண் என்று தட்டினால் உடனே பங்க்கை மாற்றுவார்கள். நம்பிக்கையான பங்க் எது என்பது குடும்ப மருத்துவர் யார் என்பதைப் போல ரகசியமாகவும் பெருமையாகவும் பரிமாறப்பட்டது. எஸ்ஸோ 1974இலும், பர்மா ஷெல்லும் கால்டெக்ஸும் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அரசுடைமை ஆயின. பெயர்ப்பலகை மாறியது, பலருக்குப் பழைய பெயரே வாயில் வந்தது.

மைலேஜ் பேச்சுக்கு அடியில் இன்னொன்று ஓடியதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அது டிரைவர்மீதான ஐயம். வண்டி கேலனுக்கு முப்பது மைல் கொடுத்தாக வேண்டும், இருபத்தாறுதான் கொடுக்கிறது என்றால், எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் முதலாளி டிரைவரின் முகத்தைப் பார்த்தார். பெட்ரோல் டாங்குக்குப் பூட்டு, டிக்கியில் அளவுகோல் குச்சி, பையில் மீட்டர் கணக்கு நோட்டு என்று கண்காணிப்புக் கருவிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கார்புரேட்டர் தேய்ந்தாலும், காற்றுக் குறைந்தாலும், பிரேக் உரசினாலும் மைலேஜ் விழும். இவற்றை அறிந்திருந்தவர் டிரைவர்தான். ஆனால் தம்மைக் காத்துக்கொள்ள அவர் இதைச் சொன்னால் அது சாக்காகவே கேட்கப்பட்டது. முதலாளிகளின் பேச்சு நினைவுக் குறிப்புகளிலாவது எஞ்சியிருக்கிறது. வெயிலில் மரத்தடியில் வண்டியோடு காத்திருந்தவர்களின் பேச்சுக்கு அந்த இடமும் கிடைக்கவில்லை.

விபத்து பற்றிய பயம் இதற்கு நேர் எதிராக இருவரையும் பிணைத்தது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மூன்றாம் நபர் காப்பீடு 1946 ஜூலை முதல் கட்டாயமானது. 1956ஆம் ஆண்டுத் திருத்தம் இழப்பீட்டுக்குத் தனித் தீர்ப்பாயங்களை அமைக்க வழிசெய்தது. டிரைவர் செய்த தவறுக்கு உரிமையாளரும் பொறுப்பு என்பது அதன்பின் எல்லோருக்கும் புரிந்தது. உரிமம் புதுப்பித்திருக்கிறாரா என்று டிரைவரிடம் கேட்கும் வழக்கம் அப்போதுதான் வேரூன்றியது.

பட்டறை

கார் வைத்திருப்பவரின் உண்மையான உறவு உற்பத்தியாளரோடு அல்ல, மெக்கானிக்கோடு. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிப்பது, கரி எடுப்பது, வால்வு தேய்ப்பது, சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது என்று வண்டியின் வாழ்க்கை முழுவதும் அவர் கையில் இருந்தது. நல்ல மெக்கானிக் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்வார். பாயிண்ட் இடைவெளியை அளக்கும் தகடு இல்லாவிட்டால் அட்டைத் துண்டை மடித்து வைத்துப் பார்ப்பார். உதிரி கிடைக்காதபோது லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்குவார்.

உதிரிக்குச் சென்னையில் இரண்டு திசைகள். புதிது என்றால் மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழையது என்றால் புதுப்பேட்டை. ஒரிஜினலா, டூப்ளிகேட்டா என்ற கேள்வி இரண்டு இடத்திலும் உண்டு. பெட்டியின் அச்சு, எழுத்தின் வடிவம், எடை எல்லாம் பார்த்து வாங்க வேண்டும். இரவில் திருடுபோன வீல் கப் மறுநாள் புதுப்பேட்டையில் விற்பனைக்கு இருக்கும், போய் மீட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சு பாதி வேடிக்கை, பாதி அனுபவம்.

இந்தப் பட்டறைகளின் அறிவு எங்கிருந்து வந்தது? பத்து, பன்னிரண்டு வயதில் பையன் என்ற பெயரோடு சேர்ந்தவர்களிடமிருந்து. முதல் ஆண்டு ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது, டீ வாங்கி வருவது, மண்ணெண்ணெயில் பாகம் கழுவுவது. சம்பளம் சாப்பாடும் பண்டிகைத் துணியும். அடியும் உண்டு. எண்ணைக் கொண்டு ஸ்பானரை அடையாளம் காணக் கற்றதே பலருக்கு எழுத்தறிவு. குழந்தைத் தொழிலாளர் தடை, ஒழுங்குமுறைச் சட்டம் 1986இல்தான் வந்தது. நம் ஆள் கெட்டிக்காரன் என்று உரிமையாளர்கள் பெருமையாகச் சொன்ன மெக்கானிக்குகளில் பெரும்பாலோர் இப்படிப் பள்ளியிலிருந்து எடுக்கப்பட்டவர்களே. பழைய கார்களைப் பற்றிய இன்றைய இனிய நினைவுக் கட்டுரைகள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன.

மாருதிக்குப் பின்

சாதாரண மக்களுக்கான மலிவுக் கார் வேண்டும் என்று எல்.கே. ஜா குழு 1960இலேயே பரிந்துரைத்தது. அது சாலைக்கு வர 1983 டிசம்பர் 14 ஆயிற்று. அன்று இந்திரா காந்தி முதல் மாருதி 800இன் சாவியை வழங்கினார். பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருந்தார்கள். 796 சி.சி., மூன்று சிலிண்டர், முன்சக்கர இயக்கம். காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பியது. அதுவரை கார்ப் பேச்சின் பாதியை நிரப்பிய ஒரு கவலை சட்டென்று தீர்ந்தது.

வேறு கவலைகள் அந்த இடத்துக்கு வந்தன. தகடு மெல்லியது, தகர டப்பா, லாரி இடித்தால் என்னாகும் என்று அம்பாசிடர்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அம்பாசிடரும் அதற்குச் சரியான விடையல்ல என்றாலும். பட்டறைக்காரர்கள் முதலில் அந்த வண்டியைத் தொடத் தயங்கினார்கள். எஞ்சின் குறுக்கே கிடந்தது, நெருக்கமாக இருந்தது, கைநுழைய இடமில்லை. நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையங்கள் வந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ரசீதுக்குக் காத்திருக்கும் உரிமையாளர் என்ற புது ஆள் உருவானார். மெக்கானிக்கின் பெயர் அவருக்குத் தெரியாது.

1993இல் கார் தயாரிப்புக்கு உரிமம் தேவையில்லை என்றானது. மறைமலை நகரில் ஃபோர்டும், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் தொழிற்சாலை அமைத்தன. 1998இல் சான்ட்ரோ வந்தது. நாற்பதாண்டுக்கு முன் வெளியேறிய நிறுவனம் திரும்பிவந்து, ஸ்டாண்டர்ட் தொழிற்சாலை இருந்த அதே ஜி.எஸ்.டி. சாலையில் சற்றுத் தெற்கே இறங்கியது. ஈயம் கலவாத பெட்ரோல் 1995இல் நான்கு பெருநகரங்களிலும் 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் வந்தது. புகை விதிகள் இறுகியதும் கார்புரேட்டர் போய் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு வந்தது. அதைப் பார்க்க ஸ்பானர் போதாது, கணினி வேண்டும். சிறுவயதில் சேர்ந்து, காதால் எஞ்சினைப் படித்த தலைமுறை இங்கேதான் வேலை இழந்தது. சிலர் ஆட்டோ பக்கம் போனார்கள், சிலர் பஞ்சர் கடை வைத்தார்கள்.

பத்மினி இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் அம்பாசிடர் 2014 மே மாதத்திலும் உற்பத்தியிலிருந்து நின்றன. அந்த வண்டிகளை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு அண்மைக் காலத்தில் ஒரு புதுக் கவலை சேர்ந்திருக்கிறது. பங்க்குகளில் இப்போது கிடைப்பது இருபது விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் ஊறவைத்துக் கெடுக்கும், லிட்டருக்கு ஓடும் தூரத்தையும் சற்றுக் குறைக்கும். இதற்குத் தாங்கும் குழாய் எந்த அளவில் கிடைக்கும் என்று கேட்டு ஃபியட்காரர்கள் மறுபடியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் ஏறி இறங்குகிறார்கள்.